மறதிக்கு நாள் குறித்தவர்கள்

ஹெர்மன் எபிங்ஹாஸுக்கு இருபத்தைந்து வயது தாண்டியும் நிலையான வேலை அமையவில்லை. 1870-இல் பிரஷ்யப் படையில் சேர்ந்து பிரான்சுக்கு எதிரான போருக்குப் போய் வந்தார். 1873-இல் பான் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பட்டம் கிடைத்தும் பல்கலைக்கழகப் பதவி எதுவும் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். அந்த நாட்களில் ஒருமுறை பாரிஸில் பழைய புத்தகக் கடை ஒன்றில் குஸ்தாவ் ஃபெஹ்னர் 1860-இல் எழுதிய உளப்பௌதிக நூல் அவர் கையில் அகப்பட்டது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பழைய புத்தகம் அவரைப் பல வருடம் ஒரே அறைக்குள் உட்காரவைத்துவிட்டது.

ஃபெஹ்னர் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். கையில் இருக்கும் எடையோடு இன்னும் எவ்வளவு சேர்த்தால் கனம் கூடியதைக் கை உணரும், வெளிச்சம் எவ்வளவு கூடினால் கண் கவனிக்கும் என்றெல்லாம் அளந்து பார்த்து, உணர்வுக்கும் ஒரு கணக்கு உண்டு என்று நிரூபித்திருந்தார். ஆனால் அந்தக் கணக்கு புலன்களோடு நின்றது. நினைவு, சிந்தனை இவற்றையெல்லாம் சோதனை செய்து அளக்கவே முடியாது என்பது அன்றைய பெரியவர்களின் முடிவு. லைப்சிக்கில் 1879-இல் உளவியலுக்கென்று முதல் ஆய்வுக்கூடம் அமைத்த வில்ஹெல்ம் வுண்டும் அந்தக் கட்சிதான். அதே 1879-இல் எபிங்ஹாஸ் நினைவை அளக்க உட்கார்ந்தார். ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளர் இல்லை. சோதனைக்கு உட்பட ஓர் ஆள் வேண்டுமே, அதுவும் இல்லை. அந்த ஆளாகத் தானே இருந்துவிடுவது என்று தீர்மானித்தார்.

முதல் முட்டுக்கட்டை, எதை மனப்பாடம் செய்வது என்பது. கவிதையை எடுத்தால் ஒரு வரி அழகாக இருப்பதால் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வரி ஏற்கனவே கேட்டதுபோல் இருப்பதால் ஒட்டிக்கொள்ளும். எது நினைவின் வேலை, எது கவிஞனின் வேலை என்று பிரிக்க முடியாது. எனவே அர்த்தமே இல்லாத சரக்கைத் தானே தயாரித்தார். ஒரு மெய், ஒரு உயிர், மறுபடி ஒரு மெய் என்று சேர்த்து ‘ஸெக்’, ‘புஃப்’, ‘தோஸ்’ போன்ற அசைகள் சுமார் 2,300 உண்டாக்கினார். அவற்றைக் கலைத்துப் போட்டு, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாறு என்று வரிசைகளாகக் கோத்து, பிழையில்லாமல் ஒப்பிக்கும் வரை உருப்போட்டார்.

அவர் உருப்போட்ட விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வேகம் மாறினால் கணக்கு கெட்டுவிடும் என்று, நிமிடத்துக்கு 150 என்ற கதியில் ஒலிக்கும் கடிகாரச் சத்தத்துக்கு ஏற்ப ஒவ்வோர் அசையையும் வாசித்தார். எத்தனை தடவை சொன்னோம் என்று மனதுக்குள் எண்ணினால் அந்த எண்ணிக்கையே கவனத்தைத் தின்றுவிடும். அதற்காகக் கயிற்றில் மரப் பொத்தான்களைக் கோத்து வைத்துக்கொண்டு, ஒரு தடவை சொல்லி முடித்ததும் ஒரு பொத்தானைத் தள்ளினார். பத்துக்கு ஒரு பொத்தான் கறுப்பு. காலை 10 முதல் 11, 11 முதல் 12, மாலை 6 முதல் 8 என்று நேரமும் கட்டுதிட்டம். இப்படி ஒரு மனிதர் அர்த்தமில்லாத ஒலிகளைத் தனக்குத்தானே ஒப்பித்துக்கொண்டிருப்பதை வாசலில் நின்று கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! அவருக்கோ வேறொரு கவலை. வரிசையை மறுநாள் முழுசாகச் சொல்ல வராது. முழுசாக மறந்துபோகவும் இல்லை. அந்தப் பாதி நினைவை எப்படி அளப்பது?

இதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அவருடைய மேதைமை. எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கேட்டார். முதல் நாள் ஒரு வரிசையைக் கற்க 1,000 விநாடி பிடித்தது என்றால், மறுநாள் அதையே மறுபடி கற்க 660 விநாடி போதுமானால், 340 விநாடி மிச்சம். அதாவது நினைவில் 34 சதவீதம் உள்ளே தங்கியிருக்கிறது. வாய் சொல்ல மறுத்தாலும் மூளை எங்கோ ஒரு மூலையில் பத்திரப்படுத்தியிருப்பதை இந்தக் கணக்கு பிடித்துவிட்டது.

எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒன்பது மணி நேரத்தில் 36. ஒரு நாளில் 34. ஆறு நாளில் 25. ஒரு மாதம் கழித்தும் 21! மறதி சீராக நடப்பதில்லை. முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் அள்ளிக்கொண்டு போகிறது. பிறகு களைத்துப்போய் மெல்ல நகர்கிறது. வேறொருவராக இருந்தால் அன்றே அச்சுக்குக் கொடுத்திருப்பார். எபிங்ஹாஸ் கொடுக்கவில்லை. 1883-லும் 1884-லும் மறுபடி அதே பொத்தான்களோடு உட்கார்ந்து சோதனைகளைத் திரும்பச் செய்தார். 1885-இல்தான் ‘நினைவைப் பற்றி’ என்ற அந்தச் சின்னப் புத்தகம் வெளிவந்தது. அதிலிருந்த எண்கள் காட்டும் மறதிக் கோட்டைப் பலரும் வியந்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய புதையல் புத்தகத்தின் பிற்பகுதியில் இருந்தது.

அது இப்படி. பன்னிரண்டு அசை வரிசை ஒன்றை ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டுவிட்டு மறுநாள் சோதித்துப் பார்த்தார். அதே மாதிரி வரிசைகளை மூன்று நாட்களுக்குப் பங்கிட்டு உருப்போட்டும் சோதித்தார். இரண்டாவது வழியில் மொத்தம் 38 தடவையே போதுமாக இருந்தது. பலன் ஏறக்குறைய ஒன்று. வேறெதையும் மாற்றாமல், உழைப்பை நாட்களில் பரத்தியதாலேயே கிட்டத்தட்ட பாதி உழைப்பு மிச்சமாகியிருந்தது. பள்ளிக்கூடம் நடத்தும் எவரையும் தூக்கிவாரிப்போட வேண்டிய செய்தி. யாரும் அசையவில்லை.

முற்றிலும் யாருமே கவனிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கோட்டிங்கனில் அடால்ஃப் யோஸ்ட் 1897-இல் இதைத் தொடர்ந்து சோதித்து, ஒரே அளவு பலமுள்ள இரண்டு நினைவுகளில் பழையதற்குத்தான் ஒரு மறுபார்வை அதிக பலன் தரும் என்று ஒரு விதியே எழுதினார். அதாவது, கொஞ்சம் மறக்கவிட்டுத் திருப்பினால்தான் லாபம் அதிகம். எபிங்ஹாஸும் சும்மா இருக்கவில்லை. இளமையில் மனப்பாடம் செய்த பைரனின் ‘டான் ஜுவான்’ பாடல்களை 22 வருடம் கழித்து மறுபடி கற்றுப் பார்த்தார். ஒரு பாடலும் நினைவில் இல்லை. ஆனால் மறுபடி கற்க நேரம் மிச்சமானது. அதிலும் பல நாட்களாகப் பிரித்துப் படித்த பாடல்களில் மிச்சம் அதிகம். 1909-இல் நிமோனியாவில் அவர் இறந்தபோது விடை கையில் இருந்தது. அதை நடைமுறையாக்க ஒரு பெரிய தடங்கலும் இருந்தது.

அந்தத் தடங்கல், கணக்கு வைப்பது. 1932-இல் இங்கிலாந்தில் சி. ஏ. மேஸ் என்ற உளவியலாளர், படிப்பது எப்படி என்று மாணவர்களுக்காக எழுதிய நூலில் வழியைத் தெளிவாகவே சொன்னார்: படித்ததை ஒரு நாள் கழித்துத் திருப்பு, பிறகு இரண்டு நாள், பிறகு நான்கு, பிறகு எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போ. சொல்ல எளிது. ஒரு மாணவன் தினம் 20 புதுச் சொல் படிக்கிறான் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வாரத்தில் அவன் நேற்றைய 20-ஐயும், மூன்று நாள் முந்தைய 20-ஐயும், ஏழு நாள் முந்தைய 20-ஐயும் தேடி எடுத்துத் திருப்ப வேண்டும். நடுவில் மறந்துபோன சொற்கள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு மாதத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி நாட்காட்டி. படிப்புக்கு ஒரு கணக்குப்பிள்ளையை வைத்தால்தான் கட்டுப்படியாகும். அந்தக் கணக்குப்பிள்ளை பிறக்க இன்னும் ஐம்பது ஆண்டுகள் இருந்தன.

நடுவில் இன்னொரு துப்பும் கிடைத்தது. 1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெர்பர்ட் ஸ்பிட்சர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேருக்கு வேர்க்கடலை பற்றியும் மூங்கில் பற்றியும் கட்டுரைகளை வாசிக்கக் கொடுத்து, வெவ்வேறு நாட்களில் சோதனை வைத்தார். படித்த கையோடு ஒரு சோதனை எழுதிய பிள்ளைகள், எழுதாதவர்களைவிட வாரக்கணக்கில் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். விடை சரியா தவறா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உள்ளிருந்து இழுத்து வெளியே எடுத்த அந்த முயற்சியே நினைவைக் கெட்டிப்படுத்தியிருந்தது. படித்ததைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்வதே நினைவைக் காக்கும் என்பதற்கு இது பெரிய சாட்சி. அதே ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டது.

அந்தப் போர் வாரிக்கொண்டுபோன இளைஞர்களில் ஒருவர் செபாஸ்டியன் லைட்னர். 1919-இல் சால்ஸ்பர்க்கில் பிறந்தவர். வியன்னாவில் மாணவராக இருந்தபோது, ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதை எதிர்த்ததற்காக 1938-இல் நாஜிகள் அவரைப் பிடித்துச் சிறிது காலம் அடைத்து வைத்தார்கள். பிறகு ஃபிராங்ஃபர்ட்டில் சட்டம் படிக்கப் போனார். 1942-இல் படிப்பை நிறுத்தி ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். போர் முடிந்தும் வீடு திரும்ப முடியவில்லை, சோவியத் கைதி முகாம்களில் வருடங்கள் போயின. 1949-இல் ஜெர்மனி திரும்பியவர் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கத் தொடங்கினார். முதலில் சட்டம், சமூகம். பிறகு மருத்துவம், உளவியல். அவர் எழுத்து மெல்லத் திரும்பிய அந்தத் திசையில்தான் எபிங்ஹாஸ் காத்திருந்தார்.

லைட்னர் அங்கே வந்து சேருமுன் அமெரிக்காவில் பால் பிம்ஸ்லர் முந்திக்கொள்ளப் பார்த்தார். மொழிகளை ஒலிநாடாவில் கற்பித்தவர். 1967-இல் ஒரு கட்டுரையில் புதுச் சொல் ஒன்றுக்கு முழு அட்டவணை போட்டார்: 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 வருடம். பார்க்கக் கச்சிதமான அட்டவணை. ஆனால் ஒலிநாடாவுக்குக் காது இல்லை. கேட்பவர் சரியாகச் சொன்னாரா, தடுமாறினாரா என்று அதற்குத் தெரியாது. சுலபமான சொல்லும் கடினமான சொல்லும் ஒரே நாளில் ஒரே வேகத்தில் திரும்பி வந்தன. கேட்டுக்கொண்டு, பதிலுக்கு ஏற்ப நாளை மாற்றும் ஒரு பொருள் வேண்டியிருந்தது.

1972-இல் வந்தது அந்தப் பொருள். அது ஓர் அட்டைப்பெட்டி! ‘கற்கக் கற்பது இப்படி’ என்று பொருள்படும் தலைப்பில் லைட்னர் எழுதிய புத்தகம் ஜெர்மனியில் விற்றுத் தீர்ந்தது. அதில் அவர் சொன்ன பெட்டிக்கு ஐந்து அறைகள். முதல் அறையின் அகலம் 1 சென்டிமீட்டர், அடுத்தது 2, பிறகு 5, 8, 14. கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. புதுக் கார்டு முதல் அறையில் விழும். விடை சரியாக வந்தால் அடுத்த அறைக்கு நகரும். எந்த அறையில் இருந்தாலும் ஒருமுறை தவறினால் திரும்பவும் முதல் அறை.

இதில் நாட்காட்டி எங்கே என்று தேடினால் கிடைக்காது. லைட்னர் அதைப் பெட்டிக்குள்ளேயே ஒளித்துவிட்டார். ஓர் அறை நிரம்பி இடமில்லாமல் போகும்போதுதான் அதிலிருந்து கார்டுகளை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் அறை சீக்கிரம் நிரம்பும்; 14 சென்டிமீட்டர் அறை நிரம்ப வாரங்கள் ஆகும். அறையின் அகலமே இடைவெளியாகிவிட்டது. தெரியாத கார்டு அடிக்கடி வரும், தெரிந்த கார்டு எப்போதாவது வரும். தேதி எழுத வேண்டாம், பதிவேடு வேண்டாம். சிறை முகாமிலிருந்து மீண்டு வந்த ஒரு பத்திரிகைக்காரர், பேராசிரியர்கள் பல தலைமுறையாக விட்டுவைத்திருந்த முடிச்சை அட்டையும் பசையும் கொண்டு அவிழ்த்துவிட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். ஆனாலும் பெட்டிக்கு ஒரு குறை உண்டு. கார்டுகள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது ஐந்து அறை போதாது. இரண்டு கார்டுகள் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் ஒரே அறையில் ஒரே நாளைக்குக் காத்திருந்தன.

அது போதாதென்று 1978-இல் இங்கிலாந்திலிருந்து இன்னொரு சிக்கலான செய்தி வந்தது. அஞ்சல் குறியீட்டு எண் முறைக்காகத் தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்பிக்க வேண்டியிருந்தது. ஆலன் பாட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு வேளை, மொத்தம் நான்கு. மணிக்கு மணி கணக்குப் பார்த்தால் நன்றாகக் கற்றவர்கள் நாளைக்கு ஒரு மணி நேரக்காரர்கள். பயிற்சி பிடிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டவர்களும் அவர்களே! பல நாள் இழுக்கிறதே என்ற சலிப்பு அவர்களுக்கு. நாள் முழுக்கத் தட்டியவர்களுக்குச் சீக்கிரம் முன்னேறுவதுபோல ஒரு திருப்தி. நல்ல வழி எது என்று கற்கிறவரின் மனத்தைக் கேட்டால் அது தப்பான பதிலைத்தான் சொல்லும் என்று ஆகிவிட்டது. அப்படியானால் மனத்தைக் கேட்காமல் நாள் குறிக்க வேறு யாராவது வேண்டும்.

1980-களின் போலந்தில், போஸ்னான் நகரத்தில், பியோத்ர் வோஸ்னியாக் என்ற மாணவர் மறதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உயிரியல் படித்தவர். படிக்க வேண்டிய ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில், ஆங்கிலம் போதவில்லை. கேள்வி ஒரு பக்கம், விடை ஒரு பக்கம் என்று நோட்டுப் போட்டுப் படித்துக்கொண்டே போனார். நோட்டு கனக்கக் கனக்கத் திருப்பும் நேரமும் ஏறியது. முன்னால் படித்தது பின்னால் கழன்றுகொண்டே இருந்தது. எத்தனை நாளுக்கு ஒருமுறை திருப்பினால் போதும் என்று யாரிடமாவது கேட்கலாம். அவர் கேட்கவில்லை. நூறு வருடம் முன் எபிங்ஹாஸ் செய்ததைப்போல, தன்னையே சோதனைக்கு வைத்தார்.

1985-இன் தொடக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் போலிஷ் சொல்லுமாகப் பக்கத்துக்கு 40 ஜோடி எழுதினார். ஒரு பக்கத்தை இரண்டு நாள் கழித்து, இன்னொன்றை நான்கு நாள், ஆறு, எட்டு, பத்து என்று வெவ்வேறு இடைவெளியில் திருப்பி, எத்தனை மறந்தது என்று குறித்தார். எட்டு நாள் வரை நினைவு பிடிவாதமாக நின்றது. பத்து நாளில் மறதி குதித்து ஏறியது. ஆகவே ஏழு நாள் என்று வைத்துக்கொண்டு அடுத்த இடைவெளியைத் தேடினார். பிறகு அதற்கடுத்தது. 1, 7, 16, 35 நாட்கள் என்று ஓர் ஏணி கிடைத்தது. அதற்குமேல் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை இரட்டிப்பாக்கினால் போதும். ஓர் ஆள், சில பக்கங்கள், சில மாதங்கள். புள்ளியியல்காரர்கள் ஒப்புக்கொள்ளாத அளவுக்குச் சின்ன சோதனை. ஆனால் அவருக்கு அது வேலை செய்தது. 1985 ஜூலை 31 முதல் அந்த ஏணியிலேயே படித்தார். அதில் ஒரே ஒரு இடைஞ்சல்: ஒரு பக்கத்தில் இருக்கும் 40 ஜோடியும் ஒரே நாளில்தான் திரும்பி வந்தன. மறந்த சொல்லைப் புதுப் பக்கத்தில் மறுபடி எழுத வேண்டும். காகிதத்தால் இதற்குமேல் முடியவில்லை.

அப்போது அவர் போஸ்னான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்திருந்தார். சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவது கம்யூனிஸ்ட் போலந்தில் சாதாரண காரியம் இல்லை. 1987-இல் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஓர் ஆம்ஸ்ட்ராட் பி.சி. 1512 வந்து சேர்ந்தது. டர்போ பாஸ்கலில் நிரல் எழுத உட்கார்ந்தார். 1987 டிசம்பர் 13-இல் ‘சூப்பர்மெமோ’ ஓடத் தொடங்கியது.

காகிதத்தால் முடியாததைக் கம்ப்யூட்டர் முதல் நாளே செய்தது. பக்கத்துக்குப் பதில் ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கணக்கு. விடை பார்த்ததும் படிக்கிறவர் தனக்குத்தானே 0 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். முதல் இடைவெளி 1 நாள், இரண்டாவது 6 நாள். அதன்பின் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பெருக்கல் எண்; தொடக்கத்தில் அது 2.5. சுலபமாக வந்துகொண்டிருக்கும் கார்டு 6 நாளிலிருந்து 15 நாளுக்கும், பிறகு 38 நாளுக்கும், பிறகு மூன்று மாதத்துக்கு அப்பாலும் தாவும். திணறவைக்கும் கார்டின் எண் குறைந்துகொண்டே வந்து 1.3-இல் நிற்கும், அது 6, 8, 11, 15 என்று தத்தித் தத்தித்தான் போகும். கூட்டல் பெருக்கல் தெரிந்த எவருக்கும் புரியும் சூத்திரம். மேஸின் மாணவனுக்குக் கிடைக்காத கணக்குப்பிள்ளை 55 வருடம் தாமதமாக வந்து சேர்ந்தார். ஆனால் அவரை வேலைக்கு வைக்க அன்று எத்தனை பேரிடம் கம்ப்யூட்டர் இருந்தது?

அதிகம் பேரிடம் இல்லை. 1991-இல் நண்பர் கிரிஸ்டோஃப் பீடாலக்கோடு சேர்ந்து வோஸ்னியாக் கம்பெனி தொடங்கினார். புதுப்புதுப் பதிப்புகள் வந்தன, சூத்திரம் சிக்கலாகிக்கொண்டே போனது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஹாரி பாரிக் என்ற உளவியலாளர், மனைவி, இரண்டு மகள்கள் என்று ஒரே வீட்டில் நான்கு பேர் ஒன்பது வருடம் நடத்திய சோதனையின் முடிவு 1993-இல் வெளியானது. ஆளுக்கு 300 அந்நிய மொழிச் சொற்கள். 56 நாளுக்கு ஒருமுறை வீதம் 13 தடவை திருப்பியதும், 14 நாளுக்கு ஒருமுறை வீதம் 26 தடவை திருப்பியதும் பிற்பாடு ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பாதி உழைப்பில் அதே நினைவு! 1885-இன் செய்தி வேறு கண்டத்தில், வேறு மொழிகளில், வருடக்கணக்கான அளவில் மறுபடி உறுதியானது. சூப்பர்மெமோவுக்கோ பக்தர்கள் கூடினார்களே தவிரக் கூட்டம் கூடவில்லை.

கூட்டத்தைக் கூட்டியது வோஸ்னியாக் செய்த ஒரு தாராளம். 1990-இல் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்த ஆய்வேட்டில், 1987-இன் அந்த எளிய சூத்திரத்தைத் தசமப்புள்ளி வரை விளக்கியிருந்தார். கம்பெனி அதைத் தாண்டிப் போய்விட்டதால் பழையதை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்தார். விதை அங்கிருந்து பறந்தது. பெல்ஜியத்தில் பீட்டர் பீன்ஸ்ட்மன் அதைக்கொண்டு ‘நெமோசைனி’ என்ற இலவச மென்பொருளை வளர்த்தார். ஜப்பானில் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டிருந்த டேமியன் எல்ம்ஸ் என்ற ஆஸ்திரேலியர், தன் தேவைக்காகவே ஒன்றை எழுதி 2006 அக்டோபர் 5-இல் வெளியிட்டார்.

எல்ம்ஸ் முதலில் எடுத்தது பழைய சூத்திரத்தை அல்ல, வோஸ்னியாக்கின் பிந்தைய, இன்னும் நுட்பமான ஐந்தாம் பதிப்பை. எல்ம்ஸின் மென்பொருளில் ஒரு புது ஏற்பாடு இருந்தது: பொத்தானை அழுத்துமுன்பே, எதை அழுத்தினால் கார்டு எத்தனை நாள் கழித்து வரும் என்று திரையில் காட்டும். அந்த வெளிச்சத்தில் நுட்பமான சூத்திரத்தின் குறை அம்பலமானது. அது ஒரு கார்டில் செய்த தவற்றை அதைப்போன்ற மற்றக் கார்டுகளுக்கும் பரப்பியது. விநோதமான இடைவெளிகள் முளைத்தன. நாட்கள் கண்ணில் படாத மென்பொருளில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. எல்ம்ஸ் பின்வாங்கி, 1987-இன் எளிய சூத்திரத்துக்கே திரும்பி, அதில் தனக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்துகொண்டார். முன்னேறியதைத் தள்ளிவிட்டுப் பழையதைப் பிடித்த அந்த முடிவுதான் அவருடைய படைப்பைக் காப்பாற்றியது.

அந்தப் படைப்பின் பெயர் ஆன்கி. மருத்துவ மாணவர்களும் மொழி கற்பவர்களும் பேருந்தில் போகும்போதும் வரிசையில் நிற்கும்போதும் போனில் தட்டிக்கொண்டிருக்கும் அதே செயலி. திரையில் ஒரு கேள்வி, தொட்டால் விடை, கீழே நான்கு பொத்தான்: மறுபடி, கடினம், சரி, சுலபம். ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்தில் ஒரு நாள் கணக்கு. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் அது காசில்லாமல் பரவியது. 2010-இல் அமெரிக்காவின் ‘ஜெப்பர்டி’ வினாடி வினாவில் ரோஜர் கிரெய்க் ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர் வென்று சாதனை படைத்தபோது, அவருடைய தயாரிப்பில் ஆன்கிக்குப் பெரிய பங்கு இருந்தது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. சீனாவில் ஜாரெட் யே என்ற இளைஞர், வேலை பார்த்த மொழிச் செயலியில் சேர்ந்திருந்த கோடிக்கணக்கான பதில்களை வைத்து 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய புது சூத்திரம் 2023-இன் இறுதியில் ஆன்கிக்குள் வந்தது. 2.5 என்ற பொது எண்ணிலிருந்து தொடங்காமல், படிக்கிறவர் இதுவரை சொன்ன சரியையும் தவறையும் பார்த்து, அவருக்கே உரிய மறதிக் கோட்டை அது வரைகிறது. எபிங்ஹாஸ் தனக்கு மட்டும் அளந்துகொண்ட கோடு இப்போது ஆளுக்கு ஒன்று.

இத்தனை பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு வருத்தம் மிஞ்சுகிறது. வேலையில்லாத தத்துவப் பட்டதாரி, பத்திரிகைக்காரர், ஆங்கிலத்தோடு போராடிய மாணவர், ஜப்பானிய மொழி கற்க வந்த வெளிநாட்டவர் என்று, இதைக் கையாளும் பொருளாக்கியவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தத் தேவைக்காக உழைத்தவர்கள். பாடத்திட்டம் வகுக்கும் மேசைக்கு எபிங்ஹாஸ் கண்ட 38-க்கும் 68-க்கும் உள்ள வித்தியாசம் இன்னும் வந்து சேரவில்லை. 1988-இல் ஃபிராங்க் டெம்ப்ஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆய்வில் நிரூபணமாகியும் வகுப்பறையில் பயன்படாமல் கிடக்கும் உண்மைக்கு உதாரணமாக இதையே எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். இந்த மாதத் தேர்வுத்தாளில் போன மாதப் பாடத்திலிருந்து நான்கு கேள்வியும், அதற்கு முந்தைய மாதத்திலிருந்து இரண்டும் சேர்த்தாலே அந்த உண்மை வகுப்பறைக்குள் நுழைந்துவிடும். அதற்குச் செயலி வேண்டாம், செலவும் இல்லை. வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்கள் அடுத்த பருவத்திலிருந்தே இதைச் செய்ய வேண்டும்.